வாய் பிளந்த கூரை

காய்ந்த பட்டாசுக்காயை
நாக்கு நுனியில் வைத்து
மூன்று எண்ணுவதற்குள் வெடித்தால் ஜெயம்.
ஐந்தாம் வகுப்பில் பழகிய வித்தையை
நான்காம் ஆண்டு ஸ்டூடியோவில்
ஆய்வு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜமீல் கணவாய் ஓட்டை நெடுக்காக அறுத்து
மெல்லிய மாடிகளை லென்ஸில் எண்ணிக்கொண்டிருந்தான்.
தொட்டால் இறுகும் கடலட்டைத் தோலை
ரப்பரில் செய்யப் போய்
பவதாரிணி உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டாள்.
எங்கள் திட்டத்துக்கு
'விதை சொன்ன கூரை' என்று தெனிலா பெயர் வைத்தாள்.
அவளுக்குத் தலைப்பு வரும்.
எனக்குப் பசை ஒட்ட வரும்.

பனையோலை நெடுக்கில் நீளாது,
குறுக்கில் மட்டும் ஈரம் குடித்து உப்பும்.
இரண்டு துண்டைத் திசை மாற்றி ஒட்டினால்
ஒன்று இழுக்க, ஒன்று மறுக்க,
வேறு வழியில்லாமல் இரண்டும் சேர்ந்து வளையும்.
என் அப்பா அம்மா மாதிரி.

விடுதி அறையில் கெட்டில் ஆவி காட்டினோம்: திறந்தது.
முடி உலர்த்தியைக் காட்டினோம்: மூடியது.
மோட்டார் இல்லை, ஒயர் இல்லை.
வெயிலில் மூடி நிழல் தரும்,
புழுக்கத்தில் திறந்து காற்று விடும்.
காணொளியைப் பார்த்த ஆசிரியர்
இன்னொரு முறை போடச் சொன்னார்.

வேதாளைக் கரை.
இராவணன் மீசை உருண்டோடும் மணலில்
பதினாறு சவுக்குக் கால்,
அறுநூற்று நாற்பது ஓலை இதழ்.
பாசி எடுத்துக் கரையேறும் பெண்கள்
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி
அண்ணாந்து பார்த்தார்கள்.

அன்று இரவே எல்லாம் திறந்தன.
மறுநாள் உச்சியிலும் திறந்தே இருந்தன.
அதற்கு மறுநாளும்.

எங்கள் வரைபடத்தில்
ஈரம் வந்து போகும் விருந்தாளி.
இங்கே அது ரேஷன் அட்டை வைத்திருக்கிறது.
போதாததற்கு உப்பு.
ஒவ்வோர் இதழிலும் உட்கார்ந்து
காற்றிலிருந்து தண்ணீரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.
உப்பை நாங்கள் எந்தத் தாளிலும் வரையவில்லை.

மதிப்பிட வந்தவர் ஷூவுக்குள் மணலோடு கேட்டார்:
"கூரையின் வேலை நிழல். நிழல் எங்கே?"
காலடியில் அறுநூற்று நாற்பது வெயில்.
ஐம்பத்திரண்டு மதிப்பெண்.
திரும்பும் பேருந்தில் மண்டபம் தாண்டும்வரை
தெனிலா ஜன்னலோரம் பேசாமல் வந்தாள்.
பிறகு கடலைமிட்டாய் வாங்கினோம்.

ஜூன் கடைசியில் போன்.
முத்திருளாயி.
எங்களுக்குச் சவுக்கு நட்டுத் தந்தவள்,
என்னைவிட ஏழெட்டு வயது கூட.

"கச்சான் திரும்பிருச்சு தாயி.
நேத்து ராத்திரி உன் கூரை
படபடன்னு சத்தம் போட்டு மூடிக்கிருச்சு.
சரிதான்னு காலையில பாசியப் பரப்புனோம்,
ஒரே வெயில்ல சருகாப் போச்சு.
நாலு தடவ பாத்துட்டோம்.
வாயப் பொளந்துக்கிட்டு நின்னா
அன்னைக்குப் பரப்புறதில்ல, படுதா போட்டு மூடிருறோம்.
ஈரப் பாசின்னு
ஏவாரி கிலோவுக்கு ரெண்டு ரூவா கழிப்பான்ல,
அது இப்ப இல்ல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
நிழல்? என்று கேட்டேன்.

"அதுக்கு அடியில நீலத் தார்ப்பா கட்டிட்டோம்.
மனசுல வச்சுக்கிராத."

அன்றிரவு தெனிலாவிடம் சொன்னேன்.
புதுத் தலைப்பு யோசிக்கட்டுமா என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து
வேண்டாம், என்றும் அவளே சொன்னாள்.

ஒன்றை விட்டுவிட்டேன்.
போனை வைக்கும் முன் முத்திருளாயி கேட்டது:
"வடக்குப் பக்கம் ஆறேழு இதழு பிரிஞ்சிருச்சு.
ஓலை நாங்க வெட்டிக்கிருவோம்.
அந்தப் பசைக்கு என்ன பேரு?"

எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
எதிர்முனையில் யாரோ
பீடிக்கட்டு அட்டையில் எழுதிக்கொண்டார்கள்.
ஒட்டும்போது, என்றேன்,
ஒரு துண்டு நெடுக்க, ஒரு துண்டு குறுக்க.

"அது தெரியும்," என்றாள்.
"ஒண்ணப் பிரிச்சுப் பாத்துட்டோம்."